முகம் கழுவிய பெட்டி

அத்தியாயம் 6

காவலாளி ஆளுக்கொரு ஸ்டிக்கரை நீட்டினான். சட்டையில் ஒட்டிக்கொண்டால்தான் உள்ளே விடுவார்களாம். வெள்ளைத் தாள், கறுப்பெழுத்து, VISITOR. அதன் அடியில், கண்ணைச் சுருக்கினால் மட்டும் தெரிகிற அளவில், 2406A.

"என்ன சித்தி, நம்பர் போட்டுக் குடுக்கறாங்க?" என்றான் ரேடியோ. "நான் என்ன ஜெயிலுக்கா போறேன்?"

"பேட்ச் நம்பர் சார்," என்றான் காவலாளி. "பக்கெட்டுக்கு லேபிள் அடிக்கற மெஷின்லதான் இதையும் அடிக்கறோம். என்ன அடிச்சாலும் கீழ அது தானா வந்துடும்."

"அப்ப என்னையும் பக்கெட்டுன்னே முடிவு பண்ணிட்டீங்க."

"உள்ள காலியா இருந்தா மெஷினுக்கு எப்படிடா வித்தியாசம் தெரியும்?" என்றாள் சித்தி. "வா."

அவள் அவனுக்கு உண்மையிலேயே சித்திதான். அம்மாவின் கடைசித் தங்கை. அவனைவிட நாலே வயது மூத்தவள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினைந்து வருஷம் பொய்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, பொய் சொல்கிறவர்களைக்கூடச் சகித்துக்கொள்ளலாம், அதை நம்புகிற மேலதிகாரியைச் சகிக்க முடியவில்லை என்று கடிதம் எழுதி வைத்துவிட்டு வெளியே வந்தவள். அவள் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது உதவிக்கு வந்து ஒட்டிக்கொண்ட முப்பத்தெட்டு வயது வழுக்கைத் தலையன் ரேடியோ. வாயை அணைக்க வழியில்லாததால் வந்த பெயர் அது. அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு ஊருக்கே அவள் சித்தியாகிவிட்டாள்.

சித்திக்கு முட்டாள்கள் மேல் கோபம் கிடையாது. அயோக்கியர்களையும் ஓரளவு பொறுத்துக்கொள்வாள். இரண்டும் ஒரே ஆளாக வந்து, கழுத்தில் டையும் கட்டிக்கொண்டு நின்றால்தான் அவளுக்குக் குமட்டும். அன்றைக்குக் காலையிலிருந்தே குமட்டிக்கொண்டிருந்தது.

காலையில் அலுவலகத்துக்கு வந்தவள் ஒரு தையல்காரி. கழுத்திலிருந்த அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்திருந்தாள். அவள் கணவன் இந்தப் பக்கெட் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். போன வாரம், பதினேழாம் தேதி காலை பதினோரு மணிக்கு, அவன் நாலாம் நம்பர் மெஷினின் சுவிட்சைப் போட்டான். சுவரிலிருந்த சுவிட்சுப் பெட்டி வெடித்தது. முகமும் இரண்டு கைகளும் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பெட்டிக் கதவைத் திறந்துபோட்டு, உள்ளே ஸ்பேனரை மறந்துவிட்டு, சுவிட்சைப் போட்டான் என்று நிர்வாகம் எழுதிவிட்டது. இன்று மூன்று மணிக்கு மின் ஆய்வாளர் அதில் கையெழுத்துப் போட்டால் அவன் லைசென்ஸ் போகும். சக தொழிலாளிகளின் உயிரோடு விளையாடினான் என்று வழக்கும் வரும்.

"உதடு வெந்திருக்கும்மா, பேச முடியல. ஒரு வாரமா கண் அசரல," என்று சொன்னாள் தையல்காரி. "திடுக்குன்னு முழிச்சு ஒரே வார்த்தையத்தான் சொல்றாரு. பதினொண்ணு, பதினொண்ணுன்னு. அந்த நேரம் அவரு மண்டையில ஒட்டிக்கிச்சு போல. மேனேஜர் பழம் வாங்கிட்டுப் பாக்க வந்தாரு. இதையும் கேட்டுட்டுப் போயி, பதினோரு மணிக்கு நடந்த தப்ப அவரே ஒத்துக்கிட்டாருன்னு எழுதிட்டாரும்மா."

போகும்போது கணவனின் பாக்கெட் நோட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் இரண்டு மாதத்துக்கு முந்தைய பக்கத்தில் இரண்டே வரி. 'புது டிரான்ஸ்ஃபார்மர் 34. பெட்டி 10. மேனேஜர்கிட்ட சொன்னேன். சிரிச்சார்.'

தொழிற்சாலைக்குள் நடந்துகொண்டே ரேடியோ அதைக் கேட்டான்.

"முப்பத்தி நாலு என்ன, பத்து என்ன? பெட்டி மேல இருநூறு ஆம்ப்ஸ்னுதானே போட்டிருக்கும்?"

"இருநூறுங்கறது அது தினமும் சுமக்கற சுமைடா. பத்துங்கறது பத்தாயிரம். வயரும் வயரும் ஒட்டிக்கிட்டு ஷார்ட் ஆனா ஒரு அறை விழும் பாரு, அதுல எவ்வளவு பெரிய அறைய அந்தப் பெட்டி தாங்கும்ங்கற கணக்கு."

"அறையறது யாரு?"

"டிரான்ஸ்ஃபார்மர். நோட்டுல முந்தின பக்கமெல்லாம் பாத்தேன். பழசு சின்னது, கேட்டுக்குப் பக்கத்துல இருந்துச்சு. அது அறைஞ்சா எட்டாயிரம். பெட்டி வாங்கிட்டுக் கம்முனு இருக்கும். இப்ப புது மெஷினெல்லாம் வந்ததுன்னு பெருசா ஒண்ணை வாங்கி, சுவத்துக்கு அந்தப் பக்கமே வச்சுட்டாங்க. இது அறைஞ்சா முப்பத்தி நாலாயிரம்."

"பெட்டிய மாத்தல?"

"மாத்தல."

"என் கல்யாணத்துக்குப் பழைய பேன்ட்டையே போட்டுக்கிட்ட மாதிரி."

"அது மேடையில கிழிஞ்சுதுல்ல? இதுவும் அப்படித்தான்."

மெஷின் கூடம் நீளமாக இருந்தது. ஒரு பக்கச் சுவரில் பன்னிரண்டு இரும்புப் பெட்டிகள் வரிசையாக மாட்டியிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மெஷின் சூடான பக்கெட்டுகளைத் துப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மெஷின் முன்னாலும் ஒரு பெண் நின்று பக்கெட்டின் விளிம்பிலிருந்த பிசிறைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தாள். நாலாவது மெஷின் மட்டும் நின்றுபோயிருந்தது.

மேனேஜர் நீட்டிய கையைச் சித்தி கவனிக்கவில்லை. அவர் பக்கத்தில் சேஃப்டி ஆபீசர். மஞ்சள் ஹெல்மெட்டை மோவாய் வரை இழுத்துக் கட்டியிருந்தார். மேனேஜரின் மனைவியுடைய தம்பி என்பதுதான் அவருடைய படிப்பு, அனுபவம், தகுதி எல்லாம். மின் ஆய்வாளர் நாற்காலியில் உட்கார்ந்து குளிர்பானத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மடியில் அறிக்கை. ஆள் வருவதற்கு முன்பே அறிக்கை டைப் ஆகி வந்திருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

"பாக்காமலே எழுதிட்டீங்களா சார்?" என்றாள் சித்தி.

"எல்லாம் ஒரே மாதிரி கேஸ்தானே மேடம்."

"டாக்டர் ஆகாம போனீங்களே. எத்தனை பேர் பொழச்சாங்க," என்றான் ரேடியோ.

ஆய்வாளர் ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவனை முறைத்தார். சித்தி அதற்குள் நாலாவது பெட்டிக்குப் போய்விட்டாள்.

பெட்டி வயிறு பிளந்து கிடந்தது. கதவு ஒரே ஒரு கீலில் தொங்கியது. அடியில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், பாதி உருகிய ஒரு ஸ்பேனர்.

"பாருங்க," என்றார் சேஃப்டி ஆபீசர். "கதவத் திறந்து வச்சுட்டு, ஸ்பேனர உள்ள விட்டுட்டு சுவிட்சப் போட்டிருக்காரு. நான் எத்தனை தடவை கிளாஸ் எடுத்திருக்கேன்!"

சித்தி கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுக் காட்டினாள். கட்டைவிரல் தடிமனிருந்த இரும்பு நாக்கு, வெளிப்பக்கமாக வளைந்து பிய்ந்திருந்தது.

"இது என்னன்னு தெரியுதா?"

"தாழ்ப்பாள்."

"அது ஏன் பிஞ்சிருக்கு?"

"வெடிச்சதுல."

"திறந்து கிடக்கற கதவ எவனாவது உடைச்சுக்கிட்டு வெளிய வருவானா?"

சேஃப்டி ஆபீசர் கதவைப் பார்த்தார். தாழ்ப்பாளைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"கதவு சாத்தித் தாழ் போட்டிருந்துது," என்றாள் சித்தி. "அவ்வளவு கனத்த கதவையே பிச்சு எறிஞ்ச வெடி, ஒரு ஸ்பேனர மட்டும் பத்திரமா நடு வீட்ல உக்கார வச்சுட்டுப் போச்சாக்கும். இதை வச்சவனுக்கு ஒரு பொய்யக்கூட ஒழுங்காச் சொல்ல வரல."

"கிளாஸ் எடுத்தவரே கிளாசுக்குப் போகலாம்," என்றான் ரேடியோ.

ஆய்வாளர் முதல்முறையாக நாற்காலியிலிருந்து எழுந்தார். மேனேஜர் ஆடவில்லை. டையைச் சரிசெய்துகொண்டு, குழந்தைக்குச் சொல்கிற குரலில் சொன்னார்.

"சரி மேடம், கதவு சாத்தியே இருக்கட்டும். ஆனா பெட்டியில குறை இல்ல. லேபிளப் பாருங்க. நூறாயிரம் தாங்கும். எங்க டிரான்ஸ்ஃபார்மர் முப்பத்தி நாலு. மூணு பங்கு பாதுகாப்பு. அப்ப உங்காளு ஏதோ ஏடாகூடம் பண்ணியிருந்தாத்தானே வெடிக்கும்?"

கதவில் லேபிள் இருந்தது. SHORT CIRCUIT RATING 100 KA. அதன் கீழ்ப்பாதி கரி பிடித்திருந்தது.

சித்தி லேபிளைப் பார்த்தாள். பிறகு வரிசையில் இருந்த மற்றப் பெட்டிகளைப் பார்த்தாள். ஒன்றில்கூட ஒரு எழுத்தும் இல்லை. சுவருக்கு வெள்ளையடித்த பெயிண்டர், கை ஓட்டத்தில் பெட்டிகளுக்கும் பச்சை அடித்து, பெட்டிகளின் லேபிளுக்கும் சேர்த்து அடித்துவிட்டுப் போயிருந்தான்.

"பதினோரு பேரு மூஞ்சி நிறைய பெயிண்ட். இவரு ஒருத்தர் மட்டும் முகம் கழுவிட்டு வந்திருக்காரு," என்றாள்.

"விசேஷம் ஏதாவது இருந்திருக்கும்," என்றான் ரேடியோ.

அவள் கைப்பையிலிருந்து சாவியை எடுத்து ஐந்தாம் பெட்டியின் கதவைச் சுரண்டினாள். பச்சை உதிர்ந்தது. அடியில் தகட்டில் பொறித்த பழைய லேபிள். 10 kA.

"சார், ரெண்டும் ஒரே கம்பெனிப் பெட்டி, ஒரே மாடல். இதுல பத்து, அதுல நூறு. இன்னொண்ணும் பாருங்க. இதுல k சின்னது. பெட்டி செஞ்சவனுக்கு அதைச் சின்னதாத்தான் எழுதணும்னு தெரியும். அதுல பெரிய K. பெரிய எழுத்து மட்டுமே தெரிஞ்ச மெஷின் ஒண்ணு இந்தக் கட்டடத்துல இருக்கு." அவள் ரேடியோவின் மார்பில் இருந்த VISITOR ஸ்டிக்கரைத் தட்டினாள். "பக்கெட் லேபிள் அடிக்கறது. பெட்டிய மாத்தச் சொன்னா இவங்க நம்பர மாத்தியிருக்காங்க. பக்கத்துல ஒரு சைபர் போட்டா இரும்பு பத்து மடங்கு தடிச்சுடும்னு நெனச்சாங்களோ என்னமோ!"

சித்திக்கு அந்த நிமிஷம் மிகவும் இனித்தது. அதுதான் அவள் செய்த தப்பு.

மேனேஜர் சிரித்தார். நோட்டில் எழுதியிருந்த அதே சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

"ஆமா மேடம், ஸ்டிக்கர் இங்க அடிச்சதுதான். அடிக்கச் சொன்னது யாரு? ஒட்டினது யாரு?" சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்து நேராக ஆய்வாளரிடம் கொடுத்தார். "ஸ்டோர்ஸ் சீட்டு. இந்த மாசம் மூணாந்தேதி. நாலாம் பெட்டிக்கு ரேட்டிங் லேபிள் ஒண்ணு, பெற்றுக்கொண்டேன். கீழ உங்க எலக்ட்ரீஷியன் கையெழுத்து. லேபிள் பெயிண்ட்ல மறைஞ்சு போச்சு, புதுசு வேணும்னு வாங்கிட்டுப் போனாரு. பத்தை நூறுன்னு தப்பாச் சொல்லி அடிக்க வச்சது அவரு. அந்தப் பொய்ய நம்பித்தான் நாங்க பெட்டிய மாத்தாம விட்டோம்."

ரேடியோவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அவனுக்கு அப்படி நேர்ந்து சித்தி பார்த்ததில்லை.

ஆய்வாளர் சீட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "லைசென்சில இருக்கற கையெழுத்துதான் மேடம். இது ஸ்பேனரை விட மோசம். கவனக்குறைவு இல்ல, மோசடி." அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பேனாவின் மூடியைத் திறந்தார்.

சித்தி அந்தச் சீட்டையே பார்த்தாள். அளவு நாடாவோடு ஓடிவந்த அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. அவளிடம் போய் என்ன சொல்வது? உன் புருஷனைக் காப்பாற்றப் போய் மோசடிக்காரனாக்கிவிட்டு வந்தேன் என்றா? நோட்டில் பத்து என்று எழுதிய மனுஷன் நூறு என்று ஏன் வாங்குவான்?

"சித்தி," என்றான் ரேடியோ மெதுவாக. குரல் திரும்பியிருந்தது. "தீ வச்சா கரி எங்கெங்க பிடிக்கும்?"

"எல்லா இடத்துலயும்."

"இந்த லேபிளுக்கு மேல்பாதி பளபளன்னு இருக்கு. கீழ்ப்பாதி மட்டும் கரி. கரியில கோடு கோடா ரேகை வேற. என் பையன் சுவத்துல கை வைக்கறப்ப இப்படித்தான் இருக்கும்."

சித்தி குனிந்து பார்த்தாள். ஆமாம், அது நெருப்பு வைத்த கரி இல்லை. யாரோ பெட்டிக்குள்ளிருந்த கரியைக் கட்டைவிரலால் எடுத்துத் தேய்த்திருந்தார்கள். புது லேபிளைப் பழசாகக் காட்டுவதற்கு.

"ஒரு நிமிஷம் சார்," என்று சொல்லிவிட்டு, ஆய்வாளர் நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்த குளிர்பானத்தைக் கேட்காமலே எடுத்தாள். கைக்குட்டையை அதில் நனைத்து லேபிளின் கீழ்ப்பாதியைத் துடைத்தாள்.

பொடிப் பொடியாக எழுத்துகள் தெரிந்தன. 1806B.

"டேய், உன் நெஞ்சைக் கொண்டா."

ரேடியோ மார்பை நிமிர்த்திக்கொண்டு பெட்டியின் பக்கத்தில் வந்து நின்றான். அவன் மேல் 2406A. பெட்டியின் மேல் 1806B.

"இன்னிக்கு என்ன தேதி சார்?" என்றாள் ஆய்வாளரிடம்.

"இருபத்தி நாலு."

"மாசம்?"

"ஆறு." அவர் ரேடியோவின் மார்பைப் பார்த்தார். "இருபத்தி நாலு, ஆறு... ஏ ஷிஃப்ட்டா?" பிறகு மெதுவாகப் பெட்டியின் பக்கம் திரும்பினார். "பதினெட்டு, ஆறு."

"வெடிச்சது பதினேழு. லேபிள் அச்சானது பதினெட்டு, ரெண்டாவது ஷிஃப்ட். வெடிச்சதுக்கு மறுநாள், ரெண்டு கையிலயும் கட்டுப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரியில கிடந்த மனுஷன், எந்திரிச்சு வந்து, லேபிள் அடிச்சு, ஒட்டிட்டுத் திரும்பப் போயிப் படுத்திருக்காரு. அப்படித்தானே மேனேஜர் சார்?"

மேனேஜர் டையை மறுபடி சரிசெய்துகொண்டார்.

"மூணாந்தேதிச் சீட்டு எப்படி வந்துச்சுன்னு நான் சொல்லட்டுமா? இன்சூரன்ஸ்ல இதை எத்தனையோ தடவை பிடிச்சிருக்கேன். வாரா வாரம் ஸ்டோர்ஸ்ல எல்லாருகிட்டயும் வெத்துச் சீட்டுல கையெழுத்து வாங்கி வச்சுக்கற பழக்கம் இங்க உண்டா இல்லையா?" இந்தக் கேள்வியை அவள் ஐந்தாம் மெஷினில் பிசிறு சீவிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டாள்.

அவள் மேனேஜரைப் பார்த்தாள். பிறகு பிளந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். "உண்டுக்கா," என்றாள். "நானே பத்துச் சீட்டுல போட்டிருக்கேன்."

"தினமும் பல ஆயிரம் லேபிள் அடிக்கறீங்க," என்றாள் சித்தி மேனேஜரிடம். "ஒவ்வொண்ணுலயும் தேதி வருது. பாத்துப் பாத்து உங்க கண்ணுக்கு அது மறைஞ்சே போச்சு. உலகத்துல வேற எந்தத் திருடனும் தன் பொய்க்கடியில பொய் சொன்ன தேதிய அச்சடிச்சு ஒட்ட மாட்டான். அதையாவது விட்டீங்களா, பழசாக் காட்டறேன்னு அது மேலயே போயிக் கரியப் பூசிருக்கீங்க. கட்டைவிரல் ரேகை வேற."

சேஃப்டி ஆபீசர் வலது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"மாமா, நான் அப்பவே சொன்னேன்..." என்று ஆரம்பித்தார்.

"வாய மூடுடா!" என்றார் மேனேஜர். அன்றைக்கு அவர் பேசியதில் அது ஒன்றுதான் உண்மையான பேச்சு.

ஆய்வாளர் அறிக்கையை நாலாகக் கிழித்தார். வெட்கம் வந்ததால் இல்லை, பயம் வந்ததால். சித்தி அதைக் கண்டுகொண்டாள். கண்டுகொண்டதை அவரும் கண்டுகொண்டார். புதுத் தாளை எடுத்து, இந்த முறை பெட்டியைப் பார்த்துப் பார்த்து எழுத ஆரம்பித்தார்.

"முடிஞ்சுது," என்றான் ரேடியோ, மார்பிலிருந்த ஸ்டிக்கரை உரித்துக்கொண்டே. "பன்னெண்டுல ஒண்ணு வெடிச்சு, இவ்வளவு கூத்து. நல்ல வேளை, மீதி பதினொண்ணும்..."

நிறுத்திவிட்டான்.

சித்தி அவனைப் பார்த்தாள். இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். பச்சைப் பெட்டிகள். பத்தாயிரம் மட்டுமே தாங்குகிற பெட்டிகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பெண், முகத்துக்கு நேராக ஒரு கதவு. எந்த மெஷினின் கேபிள் எப்போது தேய்ந்து ஒட்டிக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் புது டிரான்ஸ்ஃபார்மர் உறுமிக்கொண்டிருந்தது.

"அது மணி இல்லடா," என்றாள் சித்தி. "அந்த மனுஷன் மணி சொல்லல."

அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. மேனேஜர் அந்த வார்த்தையைத் தப்பாக எழுதினார் என்று காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தாள். அவளும் அதை அப்படியேதான் கேட்டிருந்தாள். ஒரு வாரமாக, வெந்த உதட்டால், வந்து போன எல்லோரிடமும் அவன் கெஞ்சியிருக்கிறான். ஒருத்தர்கூட எண்ணிப் பார்க்கவில்லை.

"சார், மெயின நிறுத்துங்க."

"இப்பவா?" என்றார் மேனேஜர். "நடுவுல நிறுத்தினா மெஷினுக்குள்ள பிளாஸ்டிக் உறைஞ்சுடும் மேடம்! சுத்தம் பண்ணவே ரெண்டு நாளாகும்!"

ஆய்வாளர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெண்கள் எல்லோரையும் வாசலுக்குப் போகச் சொன்னார். பிறகு தானே வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலிருந்த மெயினை இறக்கினார். மெஷின்கள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டு நின்றன. கத்தியைப் பிடித்தபடி வாசலில் நின்ற ஐந்தாம் மெஷின்காரி, தான் இத்தனை நாள் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தி தையல்காரிக்குப் போன் செய்தாள்.

"உங்க வீட்டுக்காரர் மேல தப்பில்லைன்னு ஆய்வாளர் எழுதிட்டிருக்காரும்மா. அழாதீங்க. முதல்ல போனை அவரு காதுல வைங்க."

கரகரவென்று சத்தம். பிறகு யாரோ கஷ்டப்பட்டு மூச்சு விடுவது கேட்டது.

"பதினொண்ணையும் நிறுத்தியாச்சு," என்றாள் சித்தி. "பெட்டி மாத்தற வரைக்கும் ஒண்ணுகூட ஓடாது. பொம்பளைங்க எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

மூச்சு மட்டும் கேட்டது, வர வர நிதானமாக. ரேடியோகூடப் பேசாமல் நின்றான். நெடுநேரம் கழித்துத் தையல்காரியின் குரல் வந்தது, கிசுகிசுப்பாக.

"அம்மா, என்ன சொன்னீங்க அவருகிட்ட? தூங்கிட்டாரு."